நெயில் பாலிஷ் கோடு

கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஆக்சிலியாவிடம் ரிப்பேருக்கு வண்டி விட்டு எடுத்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கத்திரிப்பூ நிறக் கோடு தெரியும். ஒரு நட்டை முடுக்கி முடித்ததும் மேசை டிராயரிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுப்பாள். நட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இடம் வரைக்கும் மயிரிழை போல ஒரு கோடு இழுத்துவிடுவாள். அப்புறம் எவன் அந்த நட்டைத் தொட்டாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். 'நீ செஞ்ச வேலையாலதான் கெட்டுப்போச்சு' என்று வாசலில் நின்று குதித்தவர்கள், உடைந்த கோட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் அவள் மகள் பெனிட்டா புதுச்சேரிக்கு நர்சிங் படிக்கப் போன புதிதில் வாங்கி, ஒரே தடவை போட்டுப் பார்த்து, 'அய்யே, இது என்ன கலரு' என்று தூக்கிப் போட்டது. ஊரில் வேறு யாரிடமும் அந்த நிறம் கிடையாது. "நட்டுக்கு அலங்காரம் பண்ற கடை நம்ம கடைதான்" என்று தம்பி பிராங்க்ளின் வருகிறவர்களிடம் கேலி பேசுவான்.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நினைத்தாலே வயிறு எரிகிற கதை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆக்சிலியாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அவளுடைய அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினெட்டு, பிராங்க்ளினுக்கு நாலு. அவனுக்குச் சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, கோயிலில் புதுநன்மை வாங்க வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டது எல்லாம் அவள்தான். எலக்ட்ரீஷியன் படிப்பில் வகுப்புக்கே ஒரே பெண்ணாக உட்கார்ந்து தேறி வந்தாள். முதலில் அவளுக்கு வேலை கொடுத்தது கோட்டுச்சேரிமேட்டுப் படகுக்காரர்கள். அதுவும் லேசில் கொடுக்கவில்லை. 'பொம்பள கை வச்ச இன்ஜினை நம்பிக் கடலுக்குப் போறதா' என்று சிரித்தார்கள். செல்லக்கண்ணு என்ற ஒருவர், மூன்று மெக்கானிக் பார்த்துக் கைவிட்ட பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து, போனால் போகட்டும் என்று அவள் முன்னால் வைத்தார். அரை நாளில் அதில் நீலப்பொறி பறந்தது. அன்றையிலிருந்து பொறி வராத இன்ஜின் எது இருந்தாலும் அவளிடம்தான் வரும். இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடக்கிறது. கரண்டு வேலை அவளுடையது, இரும்பு வேலை பிராங்க்ளினுடையது. கடைச் சாவி இரண்டு. அவளிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. அவள் புருஷன் சார்லஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கடை விஷயத்தில் தலையிட மாட்டார்.

இந்த வருஷம் சுரக்குடி விவசாயிகள் சேர்ந்து ஒரு குழுவாகப் பன்னிரண்டு நடவு மெஷின் வாங்கினார்கள். எல்லாம் பெட்ரோல் இன்ஜின், எலக்ட்ரானிக் முறையில் பொறி அடிக்கிறவை. அவற்றைப் பராமரிக்கிற வேலையை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. குழுவின் தலைவர் வைத்தியலிங்கம் பெரிய மனுஷர், ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அவர் வீட்டில் பிரெஞ்சுக்காரன் காலத்தில் கப்பலில் வந்த சாம்பல் நிறப் பெட்ரோல் டிராக்டர் ஒன்று உண்டு. வருஷம் பூராவும் கொட்டகையில் நிற்கும். சித்திரை முதல் தேதி, வருஷத்தின் முதல் உழவாக ஊருக்கு நல்லேர் பூட்டும்போது மட்டும், முதல் சால் அதுதான் ஓட்ட வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

"பொறி அடிக்கற பழைய பாயின்ட் செட்டு உப்புக்காத்துல அரிச்சுப்போய் வருஷா வருஷம் மானத்த வாங்குதும்மா" என்றார் வைத்தியலிங்கம். "இதுக்கு எலக்ட்ரானிக் போட்டு நல்லேர் அன்னிக்கு ஓட்டிக் காட்டு. பன்னெண்டு மெஷினும் உனக்குத்தான்."

ஆக்சிலியாவுக்கு அது வெறும் வேலை இல்லை. இதுவரைக்கும் படகுக்காரர்கள் சிரித்த சிரிப்புக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தாள். ஒரு ஊரே கூடி, இவள்தான் எங்கள் மெஷினுக்குப் பொறுப்பு என்று எழுத்தில் கொடுப்பது இதுதான் முதல் தடவை. விண்ணப்பத்தில் இரண்டு பெயர் எழுதினாள். ஆக்சிலியா, பிராங்க்ளின்.

அந்த டிராக்டரில் ஒரு வினோதம் உண்டு. எல்லா வண்டியிலும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயர்தான் பாடியில் பூட்டியிருக்கும். இதில் தலைகீழ், பாசிட்டிவ்தான் பாடியில். பழைய சீமை வண்டிகள் சிலவற்றில் அப்படித்தான் வரும். பழைய பாயின்ட் செட்டுக்கு எப்படிப் பூட்டினாலும் ஒன்றும் ஆகாது. அதற்குப் பதிலாகப் பூட்டுகிற எலக்ட்ரானிக் மாட்யூல் அப்படி இல்லை. பேட்டரியை ஒரு தடவை மாற்றிப் பூட்டிச் சாவியைத் திருப்பினால் போதும், அது செத்துவிடும். ஆக்சிலியா இந்த வண்டிக்கென்றே பாசிட்டிவ் பாடிக்கு ஒத்துவருகிற மாட்யூலாகத் தேடி வரவழைத்தாள். பூட்டும்போது தம்பியைக் கூப்பிட்டு, "இத மட்டும் மறந்துடாதடா, வழக்கம்போலன்னு நெனச்சு மாத்திப் பூட்டுனா எல்லாம் போச்சு" என்று இரண்டு தடவை சொன்னாள். சித்திரைக்கு ஐந்து நாள் முன்னால் வேலை முடிந்தது. சாவியைத் திருப்பின உடனே இன்ஜின் பிடித்துக்கொண்டது. எல்லா நட்டிலும் கோடு இழுத்தாள். கழற்றிய பாயின்ட் செட்டை ஒரு பையில் போட்டு வைத்தியலிங்கத்தின் மனைவி திரிபுரசுந்தரி கையில் கொடுத்தாள். கழற்றின சாமான் எதையும் கடைக்குக் கொண்டுபோகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

சித்திரை முதல் தேதி காலை ஏழரை மணிக்கெல்லாம் வயல் வரப்பில் ஊர் கூடிவிட்டது. டிராக்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, வாழைப்பழமும் வெல்லம் கலந்த அரிசியும் படைத்தார்கள். ஒன்பது மணி வரைக்கும் நல்ல நேரம். திரிபுரசுந்தரி சாமி கும்பிட்டுவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கூட்டத்தில் ஒரு கிழவர், "வருஷப்பொறப்பும் அதுவுமா இது என்ன சகுனம்" என்று முனகினார்.

"பதறாதீங்கம்மா, ரெண்டு நிமிஷம்" என்று ஆக்சிலியா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். 

அவளுக்கு வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. பொறி வரும் இடத்திலிருந்து பின்னாலேயே போவாள். பிளக் ஒயரைக் கழற்றி இன்ஜின் பாடிக்குப் பக்கத்தில் பிடித்து, சாவியைத் திருப்பச் சொன்னாள். பொறி இல்லை. பக்கத்தில் நின்ற பிராங்க்ளின் டெஸ்ட் லைட்டை நீட்டினான். ஒரு ஊசிமுனையும் ஒரு சின்ன பல்பும் உள்ள சாமான், கரண்டு இருக்கிற இடத்தைத் தொட்டால் எரியும். பொறிக்கு வேண்டிய அளவு கரண்டைப் பெருக்குகிற காயிலுக்குக் கரண்டு வருகிறதா என்று பார்த்தாள். பல்பு எரிந்தது. "பேட்டரியப் பாத்துடவா?" என்று கேட்டாள்.

"நான் பாத்துட்டேங்க்கா, ஜம்முனு இருக்கு. அதான் இன்ஜினு இந்தச் சுத்து சுத்துதே" என்றான் பிராங்க்ளின். அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டாள். தம்பி சொன்னால் அவளுக்கு அது தானே பார்த்த மாதிரி.

பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தாள். உள்ளே ரோட்டார் ஒழுங்காகச் சுற்றியது. எர்த் ஒயர் இறுக்கமாக இருந்தது. காந்த வளையத்துக்கும் மாட்யூலுக்கும் நடுவில் ஒரு தபால் அட்டைத் துண்டை விட்டு இடைவெளி பார்த்தாள், சரியாக இருந்தது. கையோடு கொண்டுவந்த வேறு காயிலை மாற்றிப் பூட்டிப் பார்த்தாள். அதற்கும் பொறி இல்லை. கடைசியாக டெஸ்ட் லைட்டைக் காயிலின் இன்னொரு முனையில் வைத்து இன்ஜினைச் சுற்றச் சொன்னாள். மாட்யூல் உயிரோடு இருந்தால் பல்பு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிய வேண்டும். அது அசையாமல் ஒரே நிலையில் எரிந்தது. அவள் கண்ணுக்குச் சரியாகத் தெரியட்டும் என்று பிராங்க்ளின் தன் துண்டால் வெயிலை மறைத்து, பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படியே ஒரு மணி நேரம் போய்விட்டது.

"மாட்யூல் செத்துடுச்சு" என்றாள் ஆக்சிலியா. அவளுக்கே நம்ப முடியவில்லை. ஐந்து நாள் முன்னால் தன் காதால் ஓடக் கேட்டது அது.

"வுடுக்கா, நம்மளால ஆவாது" என்றான் பிராங்க்ளின் சத்தமாகவே. அவன் சொல்லி வாய் மூடவில்லை, வயல் சாலையில் புத்தம்புதிய டிராக்டர் ஒன்று மாலையும் பொட்டுமாக வந்து நின்றது. திருநள்ளாறு ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் டிராக்டர் ஏஜென்சியின் வண்டி. அதன் மேனேஜர் சிவராமன் இறங்கி வந்து, இந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததாகவும், நல்ல நேரம் தவறிவிடக் கூடாதே என்று வந்ததாகவும் சொன்னார். வருஷப்பிறப்பன்று காலையில் மாலை போட்டுக்கொண்டு இந்த வயல்காட்டுப் பக்கம் எவன் போவான்? ஆக்சிலியாவுக்கு என்னவோ நெருடியது. ஆனால் அதை யோசிக்க நேரம் இல்லை.

"ஐயா, இன்னும் அரை மணி இருக்கு. பழைய பாயின்ட் செட்டையே போட்டுடறேன். உங்க டிராக்டரே ஓட்டும்" என்றாள். வைத்தியலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்.

திரிபுரசுந்தரி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். "நல்லவேளை, தூக்கிப் போடல. முந்தாநாள் சாயங்காலம் உன் தம்பி வந்தப்பவே இதக் குடுத்து அனுப்பிடலாம்னு நெனச்சேன், மோர் குடுத்த பராக்குல மறந்துட்டேன்."

"தம்பியா? எதுக்கும்மா வந்தான்?"

"நீதான அனுப்புன? பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும்னு அக்கா அனுப்பிச்சுதுன்னு சொல்லிச்சே."

ஆக்சிலியா யாரையும் அனுப்பவில்லை. முந்தாநாள் சாயங்காலம் அவன் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பியவன். அவள் பேட்டரிப் பெட்டியின் தகரமூடியைத் தூக்கினாள்.

ஒயர்கள் சரியாகத்தான் இருந்தன, பாசிட்டிவ் பாடியில். நட்டுகளில் கத்திரிப்பூ நிறக் கோடும் இருந்தது. ஆனால் அவள் இழுப்பது மயிரிழை. இது கட்டைவிரலால் அப்பியதுபோலத் தடியாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடியில் அவளுடைய பழைய கோடு உடைந்து, நட்டில் பாதியும் டெர்மினலில் பாதியுமாக விலகிக் கிடந்தது. இரண்டு நட்டும் அப்படித்தான். பேட்டரியைக் கழற்றி, மாற்றிப் பூட்டி, சாவியைத் திருப்பி மாட்யூலைக் கொன்றுவிட்டு, மறுபடி ஒழுங்காகப் பூட்டி, அவள் பாட்டிலாலேயே கோடும் போட்டு வைத்திருக்கிறான். பாட்டில் கடை டிராயரில் இருக்கிறது. டிராயர் பூட்டின கடைக்குள் இருக்கிறது. சாவி இரண்டே இரண்டு.

 பாயின்ட் செட்டைத் தேய்க்க உப்புத்தாள் எடுக்கிற சாக்கில் வரப்பின் அந்தக் கோடிக்கு நடந்தாள். பிராங்க்ளின் பின்னாலேயே வந்தான்.

"ஏண்டா?" என்றாள். 

அவன் மூஞ்சியில் ஈயாடவில்லை. காலால் மண்ணைக் கிளறினான். "ஒர்க்‌ஷாப்புக்கு என்னை இன்சார்ஜா போடறேன்னு ஏஜென்சிக்காரங்க சொன்னாங்க. இந்தப் பன்னெண்டு மெஷினையும் கொண்டாந்தாதான் வேலையாம். நீ இருக்கற வரைக்கும் சுரக்குடிக்காரங்க வேற யார்கிட்டயும் போவ மாட்டாங்க."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்ப. அப்பறம் அதுவும் நீ குடுத்ததா ஆயிருக்கும். முப்பத்தஞ்சு வயசாவுது எனக்கு. இன்னும் இந்த ஊர்ல நான் ஆக்சிலியா தம்பி. எனக்குன்னு ஒரு பேரு இல்ல."

அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. "மெஷின் போவட்டும்டா, என் பேரும் போவட்டும்" என்றாள்.  "ஒரு மணி நேரம் ஒண்ணொண்ணா கழட்டிப் பாத்தேன். என்ன தப்பு பண்ணுனேன், என்ன தப்பு பண்ணுனேன்னு எனக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, வெயிலுக்குத் துண்ட வேற புடிச்சிக்கிட்டு, என் பக்கத்துல லைட்ட ஏந்திக்கிட்டு நின்னியே. அது எப்படிடா உன்னால முடிஞ்சுது?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் டிராக்டரிடம் திரும்பினாள். வைத்தியலிங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள், நேரம் ஓடுகிறது.

பாயின்ட் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மாட்யூலைக் கழற்றிய இடத்தில் பூட்டி, இடைவெளி வைத்தாள். அவசரத்தில் ஒரு ஸ்குரூ இரண்டு தடவை வயலில் விழுந்தது. இந்தத் தடவை டெஸ்ட் லைட்டைத் தானே பல்லில் கடித்துக்கொண்டாள். ஒன்பதுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது திரிபுரசுந்தரி சாவியைத் திருப்ப, பிளக் ஒயரின் நுனியில் நீலமாகப் பொறி தெறித்தது. ஒயரைப் பூட்டினாள். இரண்டாவது சுற்றில் டிராக்டர் குபுக்கென்று புகை விட்டு உறுமியது. வைத்தியலிங்கம் ஏறி உட்கார்ந்து முதல் சால் ஓட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். சகுனம் பார்த்த கிழவர்தான் முதலில் கை தட்டினார்.

சால் முடிந்து இறங்கி வந்த வைத்தியலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேரத்துக்கு ஓட்டிக் குடுத்துட்டம்மா, அது பெருசு. ஆனா எலக்ட்ரானிக்கு அஞ்சு நாளு கூடத் தாங்கலியே. பன்னெண்டு மெஷினும் எலக்ட்ரானிக்குதான். ஊரு கேக்குது, நான் என்னத்தச் சொல்றது?"

 அவமானத்தை முழுங்கிவிடலாம் என்றுதான் ஆக்சிலியா அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்தாள். நாலு வயசிலிருந்து வளர்த்த பிள்ளையை ஊர் நடுவில் எப்படிக் காட்டிக்கொடுப்பது? மாட்யூலே மட்டமான சாமான் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் பிராங்க்ளின் முந்திக்கொண்டான். "அக்காவுக்கும் வயசாவுதுல்ல ஐயா" என்றான், வருத்தப்படுகிற குரலில். "பாவம், கை முன்ன மாதிரி இல்ல."

ஏஜென்சி மேனேஜர் ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார்.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதுகூட ஒரு தடவைதான். இவன் அறுத்த கழுத்தையே மறுபடியும் அறுத்தான். ஆக்சிலியா டிராக்டர் பக்கம் திரும்பி, பேட்டரி மூடியைத் தூக்கினாள்.

"ஐயா, இங்க வந்து பாருங்க. அடியில இருக்கற மெல்லிசுக் கோடு நான் போட்டது. மேல அப்பியிருக்கறது என் தம்பி போட்டது. முந்தாநாள் சாயங்காலம் நான் அனுப்புனதா சொல்லிக்கிட்டு வந்து, பேட்டரிய மாத்திப் பூட்டி மாட்யூல எரிச்சவன் அவன்தான். நான் அனுப்பல. அம்மா கையால மோரு குடிச்சிட்டுப் போயிருக்கான், அவங்களையே கேளுங்க."

திரிபுரசுந்தரி, "அடப்பாவி" என்று வாயில் கை வைத்தார். வைத்தியலிங்கம் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு கோட்டையும் நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது பிராங்க்ளினைப் பார்த்தார். அவன் மறுக்கவில்லை. ஏஜென்சி டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தான். அது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பன்னிரண்டு மெஷினும் ஆக்சிலியாவுக்குத்தான் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விண்ணப்பத்தில் இருந்த இரண்டாவது பெயரை என்ன செய்வது என்று வைத்தியலிங்கம் கேட்டார். அவள் பேனாவை வாங்கித் தானே அடித்தாள். சந்தோஷப்பட வேண்டிய நாள். ஊர்க்காரர்கள் கொடுத்த வெல்ல அரிசி கையில் பிசுபிசுக்க, ஸ்கூட்டரில் வழி பூராவும் அழுதுகொண்டே வந்தாள்.

கடையில் சார்லஸ் காத்திருந்தார். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. டிராயரைத் திறந்தாள். பாட்டில் இருந்தது, மூடி சரியாக மூடாமல் பாதி காய்ந்துபோய். கொஞ்சம் தின்னர் விட்டுக் குலுக்கினாள்.

"பூட்ட மாத்திடவா?" என்று சார்லஸ் கேட்டார். "அவன்கிட்ட ஒரு சாவி இருக்குல்ல."

"இருக்கட்டும்" என்றாள். "அவன் சாவி அவன்கிட்டயே இருக்கட்டும்."

ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பிறகு குனிந்து, பூட்டின் வளையத்திலிருந்து உடம்பு வரைக்கும் மயிரிழையாக ஒரு கோடு இழுத்தாள். இத்தனை நாளும் ஊரார் வண்டிக்கெல்லாம் போட்ட கோட்டைத் தன் கடைக்குப் போட்டது அன்றைக்குத்தான்.

இப்போதும் தினமும் பூட்டும்போது கோடு இழுத்துவிட்டு, மறுநாள் காலையில் கடை திறக்கும் முன் குனிந்து அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறாள். ஒரு நாளும் உடைந்திருக்கவில்லை. அவன் உடைத்துத் திறந்துவிட்டு மறுபடி கோடு போட்டாலும், அவள் இழுக்கிற மெல்லிசுக் கோட்டைக் கொண்டுவர அவனால் முடியாது, அது அவளுக்குத் தெரியும். அவன் வரவில்லை, அவ்வளவுதான். கோடு முழுசாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அவளே அதை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.